கொடுக்கப்பட்டோர்: எருசலேம் ஆலயத்தின் ஏவலர்

கோயில் வரலாறு என்றவுடன், அதனை எடுப்பித்த வேந்தனும் வழிபாடு நடத்திய குருமாருமே நம் நினைவில் முன் நிற்பர். அங்கு விறகு பிளந்தவன் யார், தண்ணீர் சுமந்தவன் யார் என்று நாம் கேட்பதில்லை. அவ்வாறு கேட்போர்க்கும் விடை தரும் ஏடுகள் சில உண்டு. எபிரேய மக்களின் பழைய ஏற்பாட்டில் உள்ள எஸ்றா, நெகேமியா என்னும் இரு நூல்கள் அத்தகையவை.

கி.மு. 586-இல் பாபிலோனியர் எருசலேமைத் தகர்த்தனர். சாலமோன் எழுப்பிய ஆலயம் தீக்கு இரையாயிற்று. மக்களுள் பலர் பாபிலோனுக்குச் சிறைகொண்டு செல்லப்பட்டனர். கி.மு. 539-இல் பாபிலோனை வென்ற பாரசீக வேந்தன் சைரசு, அவர்கள் தாயகம் திரும்ப இசைந்தான். திரும்பியோர் 42,360 பேர் என எஸ்றா நூல் கணக்கிடுகின்றது. அவர்களுள், பாடகரும் வாயில் காப்போரும் நீங்கலாக, ஆலயப் பணிக்குரிய லேவியர் 74 பேரே. ‘நிதனீமியர்’ எனப்பட்ட ஆலய ஏவலரும் சாலமோனுடைய ஏவலரின் வழியினருமோ 392 பேர்!

நிதனீமியர் என்னும் சொல்லுக்குக் ‘கொடுக்கப்பட்டோர்’ என்பது பொருள். லேவியர்க்குத் துணையாகத் தாவீது அரசன் காலத்தில் அளிக்கப்பட்டோர் இவர் என்று எஸ்றா நூல் கூறும். இவர்தம் குடிப்பெயர்களுள் பல எபிரேயப் பெயர்களாகத் தோன்றவில்லை. ஆதலின், போரில் சிறைப்பட்ட அயலாரின் வழியினரும் இவர்களிடையே இருந்தனர் என அறிஞர் கருதுவர். யோசுவாவின் காலத்தில் விறகு வெட்டவும் தண்ணீர் சுமக்கவும் விதிக்கப்பட்ட கிபியோனியரின் மரபினர் இவர் என்பது பிற்கால யூதரின் கொள்கை.

ஏறத்தாழ கி.மு. 458-இல் எஸ்றா என்னும் வேதபாரகர் இரண்டாவது கூட்டத்தாருடன் புறப்பட்டார். அகாவா ஆற்றங்கரையில் மூன்று நாள் தங்கி மக்களைப் பார்வையிட்டபோது, அக்கூட்டத்தில் லேவியர் ஒருவரேனும் இல்லை. கசிப்பியா என்னும் இடத்திற்கு அவர் ஆள் அனுப்பினார். அங்கிருந்து வந்த லேவியர் 38 பேர். நிதனீமியர் 220 பேர். உயர்ந்தோர் தயங்கிய இடத்தில் ஏவலர் திரளாக வந்தனர். அவர்கள் அனைவரும் பெயர் பெயராகக் குறிக்கப்பட்டனர் என்று நூல் சொல்லும் போது நம் உள்ளம் நெகிழ்கின்றது.

குருமார்க்கும் லேவியர்க்கும் போலவே இவர்க்கும் வரி விதித்தல் கூடாது என்று பாரசீக மன்னன் அர்தசஷ்டா ஆணையிட்டான். எருசலேமில் ஆலயத்திற்கு அருகே, ஓபேல் என்னும் மேட்டில், இவர்கள் குடியிருந்தனர். நெகேமியாவின் காலத்தில் மக்கள் இறைவனோடு உடன்படிக்கை செய்துகொண்டபோது, இவரும் மனைவி மக்களுடன் அதில் சேர்ந்தனர்.

எனினும், இவ்வரலாறு இனிதாக முடியவில்லை. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டநூல், பாபிலோனிலிருந்து மீண்டோரைப் பத்துக் குலங்களாகப் பகுக்கின்றது. குருமார், லேவியர், இஸ்ரவேலர் ஆகியோரோடு நிதனீமியர் மணவுறவு கொள்ளுதல் ஆகாது என்பது அதன் விதி. கி.பி. 70-இல் உரோமர் ஆலயத்தை அழித்துவிட்டனர். சுமக்க விறகும் இல்லை, தண்ணீரும் இல்லை. பணி மறைந்த பின்னரும் பிறப்பின் தாழ்வு மட்டும் ஏட்டில் நின்றது!

ஊரை விட்டு வந்து வாழும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். ஒரு சமுதாயம் மீண்டும் எழும்போது தோள் கொடுப்போர் பலர். அவர்களைப் பெயர் சொல்லிப் போற்றிய ஏடும் உண்டு. பிறப்பைச் சொல்லி விலக்கிய ஏடும் உண்டு. நாம் எழுதும் ஏடு எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பது நம் கையில் உள்ளது.