மூன்று கிலோ தானியமும் ஒரு தட்டு உணவும்

1995 ஆகஸ்ட் 15 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய திட்டத்தின் பெயர் 'தொடக்கக் கல்விக்கான தேசிய ஊட்டச்சத்து ஆதரவுத் திட்டம்'. இவ்வளவு நீண்ட பெயரில் 'உணவு' என்ற சொல் இல்லை. அது தற்செயலாகவே நேர்ந்திருக்கலாம்; ஆயினும் அடுத்த ஆறேழு ஆண்டுகளில் நாட்டின் பெரும்பகுதியில் நடந்ததை அப்பெயர் முன்கூட்டியே சொல்லிவிட்டது.

திட்டப்படி ஒன்றிய அரசு தானியத்தை இலவசமாகத் தரும். சமைக்கும் பொறுப்பு மாநிலங்களுடையது. இரண்டாண்டுகளுக்குள் சமைத்த உணவுக்கு மாறிவிட வேண்டும். அதுவரை 80 விழுக்காடு வருகை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் 3 கிலோ தானியம் வழங்கலாம். பெரும்பாலான மாநிலங்களில் அந்த 'அதுவரை' முடியவே இல்லை. தமிழ்நாடு, கேரளம், குஜராத் ஆகியவை தம் சொந்த நிதியில் 1980களிலேயே பள்ளிகளில் அடுப்பு மூட்டியிருந்தன. பிற இடங்களில் குழந்தை மாதத்திற்கு ஒரு முறை பையோடு சென்று கோதுமையோ அரிசியோ வாங்கி வந்தது. அந்த 3 கிலோ குடும்பத்தின் பானைக்குள் கலந்தது. வகுப்பறையில் பதினொரு மணிக்கு எடுக்கும் பசிக்கு அதனால் பயன் இல்லை. 1999இல்கூட 6 முதல் 10 வயதுள்ள இந்தியச் சிறுமியரில் 6 விழுக்காட்டினரே இத்திட்டத்தால் பயனடைந்தனர் என்பது பின்னாளைய ஆய்வொன்றின் கணக்கு.

மாற்றம் கல்வித்துறையிலிருந்து வரவில்லை. வறட்சியில் வாடிய இராஜஸ்தானில் மக்கள் பட்டினி கிடக்க, அரசுக் கிடங்குகளில் 5 கோடி டன்னுக்கும் மேற்பட்ட தானியம் குவிந்திருந்த முரணை முன்வைத்து, மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தை நாடியது. அவ்வாண்டு நவம்பர் 28இல் பிறந்த இடைக்கால ஆணை, அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளின் ஒவ்வொரு குழந்தைக்கும் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் கொண்ட 'சமைக்கப்பட்ட' நண்பகல் உணவை ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள்கள் வழங்கக் கட்டளையிட்டது. உலர் தானியம் தந்துவந்த மாநிலங்கள் மூன்று மாதங்களில் பாதி மாவட்டங்களிலும், அடுத்த மூன்று மாதங்களில் மீதி மாவட்டங்களிலும் மாறியாக வேண்டும். அவ்வாணையின் எடை முழுவதையும் 'சமைக்கப்பட்ட' என்ற ஒற்றை அடைமொழி தாங்கி நின்றது.

மாநிலங்கள் கெடுவை மதிக்கவில்லை. இராஜஸ்தான் 2002இல் தொடங்கியது. உத்தரப் பிரதேசம் 2004 வரையிலும் பீகார் 2005 வரையிலும் இழுத்தன. நிதி இல்லை என்பது வழக்கமான விடை. சமையல் செலவுக்கென ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 1 ரூபாய் தர ஒன்றிய அரசு முன்வந்ததே 2004 செப்டம்பரில்தான்.

2003இன் தொடக்கத்தில் ஜான் திரேசும் அபராஜிதா கோயலும் சத்தீஸ்கர், இராஜஸ்தான், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் 81 பள்ளிகளில் நடந்த கள ஆய்வின் முடிவுகளை எழுதினர். முதல் வகுப்புச் சேர்க்கை ஓராண்டில் சுமார் 15 விழுக்காடு உயர்ந்திருந்தது. அவ்வுயர்வில் சிறுமியரின் பங்கு பெரிது. இராஜஸ்தானில் நாள்தோறும் வேகவைத்த கோதுமையும் வெல்லமும் கலந்த 'கூக்ரி' ஒன்றே கிடைத்தது. அதைத் தின்று சலித்த குழந்தைகளும் இருந்தனர். அதைவிடக் கசப்பான செய்தி வேறு. ஒரே வரிசையில் அமர்ந்து உண்பதை ஏற்காத, தலித் பெண் சமைப்பதை எதிர்த்த ஆதிக்கச் சாதிப் பெற்றோர் ஆங்காங்கே இருந்தனர். உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20 ஆணையில், சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரச் சொன்னதை இப்பின்னணியில்தான் படிக்க வேண்டும்.

பொருளியலாளர்களின் ஐயம் வேறாக இருந்தது. பள்ளி ஒரு வேளை உணவளித்தால் வீடு அந்த வேளையைக் குறைத்துக்கொள்ளாதா? அப்படியாயின் அரசு ஊட்டுவது குழந்தையை அன்று, குடும்பத்தின் வரவுசெலவை. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் ஃபர்சானா அஃப்ரிதி இதை எளிய முறையில் சோதித்தார். குழந்தைகள் முந்தைய 24 மணி நேரத்தில் உண்டவற்றைப் பள்ளி நாளிலும் விடுமுறை நாளிலும் கேட்டுப் பதிந்து ஒப்பிட்டார். 2010இல் வெளியான முடிவின்படி, பள்ளி தந்த சத்துகளில் ஏறக்குறைய பாதி முதல் முழுமை வரை குழந்தையின் அன்றாட உட்கொள்ளலில் கூடுதலாகவே சேர்ந்தன. புரதப் பற்றாக்குறை முற்றிலும் நீங்கியது. கலோரிப் பற்றாக்குறை 30 விழுக்காடு குறைந்தது. இரும்புச் சத்துப் பற்றாக்குறையோ 10 விழுக்காடுதான் குறைந்தது. தானியத்தையே நம்பிய தட்டில் கீரையும் முட்டையும் இல்லாத குறையை அக்கடைசி எண் காட்டுகிறது.

மாநிலங்களின் மெத்தனம் பின்னாளில் ஆய்வாளர்களுக்குக் கருவியாயிற்று என்பது இவ்வரலாற்றின் விந்தை. வெவ்வேறு ஆண்டுகளில் தொடங்கியதால், ஒரே வயதுக் குழந்தைகளுள் சிலர் ஐந்தாண்டு உண்டனர், சிலர் ஓராண்டுகூட உண்ணவில்லை. இவ்வேறுபாட்டைப் பயன்படுத்திய தனிகா சக்ரபர்த்தியும் இராஜி ஜெயராமனும் (2019), நெடுநாள் உண்ட குழந்தைகளின் வாசிப்புத் திறன் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்ததையும், கணக்கில் உயர்வு அதைவிடக் குறைவாக இருந்ததையும் கண்டனர்.

2021இல் சுமன் சக்ரபர்த்தி குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒரு தலைமுறையைத் தாண்டிப் பார்த்தது. பள்ளியில் உண்ட சிறுமியர் பின்னர் தாயாயினர்; அவர்களின் பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்தனர்? தொடக்கப் பள்ளிக் காலம் முழுவதும் திட்டம் கிடைத்த தாய்மாரின் குழந்தைகள், கிடைக்காதவர்களின் குழந்தைகளைவிட, வயதுக்கேற்ற உயரத்தில் 0.4 திட்ட விலக்கம் முன்னே இருந்தனர். ஏழைக் குடும்பங்களில் இத்தொடர்பு வலுவானது. குழந்தையின் வளர்ச்சி முதல் ஆயிரம் நாள்களிலேயே பெரிதும் தீர்மானமாகிறது என்பது ஊட்டவியலின் நிலைத்த கருத்து. ஆறு வயதுக்குப் பின் கிடைத்த உணவு எப்படி அடுத்த தலைமுறையின் உயரத்தைத் தொடும்? தாயின் கல்வி, குழந்தைப்பேற்றின் எண்ணிக்கை, மருத்துவச் சேவைகளின் பயன்பாடு ஆகிய வழிகளை ஆசிரியர்கள் சுட்டுகின்றனர். அவர்கள் கையாளும் சொல் 'தொடர்பு'. அதைக் 'காரணம்' என்று மாற்றி எழுதும் செய்தித்தாள்கள் அவர்களுக்கு நன்மை செய்வதில்லை. அதே ஆண்டுகளில் சாலை, மருத்துவமனை, வருமானம் எல்லாமே மாறின.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது, 18ஆம் தேதி உச்ச நீதிமன்றம் குழந்தைகளின் உணவு குறித்துத் தானாகவே விசாரணையைத் தொடங்கியது. பல மாநிலங்கள் தந்தது உலர் தானியமும் சமையல் செலவுக்கான சிறு தொகையும். பையோடு செல்லும் 1990களின் காட்சி திரும்பியது. 2021இல் திட்டத்திற்குப் புதுப் பெயர் சூட்டப்பட்டபோது 11 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதன் வரம்பில் இருந்தனர்.

அந்தத் தட்டுகளை நிரப்புவோர் சுமார் 25 லட்சம் சமையலர்கள், பெரும்பாலோர் பெண்கள். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பூச்சிக்கொல்லி கலந்த உணவால் 23 குழந்தைகள் இறந்தபோது நாடே பள்ளிச் சமையலறையைத் திரும்பிப் பார்த்தது. அங்கு வேலை செய்வோரின் கூலியை அல்ல. 2009இல் நிர்ணயித்த மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதங்கள். சில மாநிலங்கள் தம் நிதியிலிருந்து கூட்டித் தருகின்றன. விதிமுறைகள் இதனை ஊதியம் என்று குறிப்பதில்லை, 'மதிப்பூதியம்' என்கின்றன. 2020 டிசம்பரில் அலகாபாத் உயர் நீதிமன்றம், இத்தொகைக்குச் சமைக்க வைப்பது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் அந்த ஆயிரத்தில் ஒன்றிய அரசின் பங்கு 600 ரூபாயாகவே தொடர்ந்தது.