கடல் கடந்த தாளம்

வரலாறு என்றால் அரசர்களும் போர்களுமே என்று மாணவர் பலர் எண்ணிவிடுகின்றனர். ஒரு பாட்டின் தாளத்தைப் பின்தொடர்ந்து சென்றாலும் வரலாற்றின் பெரும்பகுதியைக் கண்டுவிடலாம். அப்பாச்சி இந்தியன் என்ற பாடகரின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று.

ஆங்கிலேயர் ஆண்ட ஜமைக்காத் தீவில் 1838-இல் அடிமைமுறை முற்றிலும் ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. இந்தியத் தொழிலாளரை ஏற்றிய முதற் கப்பல் 1845 மே 10-ஆம் நாள் அத்தீவை அடைந்தது. 1917 வரை ஏறத்தாழ 36,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே சென்றனர். நம் மதுரைச் சீமையிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் குடும்பம் குடும்பமாகச் சென்றார்களே, அந்தக் காலத்துக் கதைதான் இதுவும். சென்றவர்களின் வழித்தோன்றல்கள் ஆப்பிரிக்க மக்களோடு கலந்து வாழ்ந்தனர்.

அத்தீவின் எளிய மக்களிடையே 1960-களின் இறுதியில் தோன்றியதே ரெகே இசை. வறுமையையும் விடுதலை வேட்கையையும் அது பாடிற்று. பாப் மார்லி (1945–1981) அதனை உலகெங்கும் பரப்பினார்.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜமைக்கா மக்களும் பஞ்சாபியரும் பிழைப்பு நாடிப் பர்மிங்காம் நகரத் தொழிற்சாலைகளுக்கு வந்தனர். ஹாண்ட்ஸ்வொர்த் என்னும் பகுதியில் இரு சாராரும் அண்டை வீட்டாராக வாழ்ந்தனர். அங்கே 1967-இல் பஞ்சாபிப் பெற்றோருக்குப் பிறந்தவர் ஸ்டீவன் கபூர். வீட்டில் பஞ்சாபி மொழி, வீதியில் ரெகே. இரண்டும் அவருக்குச் சொந்தமாயின.

அவர் விரும்பிக் கேட்ட ஜமைக்கப் பாடகருள் ஒருவர் சூப்பர் கேட். அவர் இந்திய வழியினர். 'வைல்டு அப்பாச்சி' என்ற பட்டப்பெயர் உடையவர். அதிலிருந்தே ஸ்டீவன் 'அப்பாச்சி இந்தியன்' என்ற பெயரை அமைத்துக்கொண்டார். கூலிகளாகப் போனவர்களின் வழியில் வந்த ஒருவர், மற்றொரு கடலுக்கு அப்பால் வாழ்ந்த இந்திய இளைஞனுக்குப் பெயர் தந்தார். விந்தை அன்றோ!

1990-இல் அவருடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. ஜமைக்காக் கொச்சையும் ஆங்கிலமும் பஞ்சாபியும் அவர் பாட்டில் கலந்து வந்தன. 1993-இல், பெற்றோர் பார்த்து முடிக்கும் திருமணத்தைப் பற்றிய பாடல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 16-ஆம் இடம் பெற்றது. அதே ஆண்டில் 'பூம் ஷாக்-அ-லாக்' ஐந்தாம் இடத்தை எட்டியது. ரெகே அறியாத பொதுமக்களும் அதனைப் பாடினர். 1996-இல் ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த 'லவ் பேர்ட்ஸ்' தமிழ்ப் படத்திலும் அவர் குரல் ஒலித்தது.

இது வெறும் போலியா என்று ஒருவர் கேட்கலாம். பிறர் குரலைப் பிறர் சொற்களோடு அப்படியே திரும்பச் சொல்வது போலி. அவரோ இரவல் தாளத்தில் தம் வீட்டுச் செய்தியைப் பாடினார். பெண் பார்த்தலும் பெற்றோர் விருப்பமும் நம் இல்லங்கள் நன்கறிந்தவை. ரெகேயில் அவை புதியவை. அப்புதுமையே அவரைத் தனித்துக் காட்டியது. நம் நாட்டிலும் மேலை வயலினைப் பாலுசாமி தீட்சிதர் கற்றுக் கருநாடக இசைக்கு ஆக்கித் தந்தார். இன்று அதனை அயற்கருவி என்று யார் தள்ளுகின்றனர்?

1993-இல் எட்டிய உயரத்தை அவர் பாடல்கள் அந்தப் பட்டியலில் மீண்டும் எட்டவில்லை. ஆயினும் அவர் வாளா இருந்துவிடவில்லை. தாம் வளர்ந்த ஹாண்ட்ஸ்வொர்த்திலேயே இளைஞருக்கு இசை பயிற்றும் பள்ளி ஒன்றைப் பின்னாளில் தம் பெயரால் நிறுவினார். புகழைவிட இது நிலைத்த பணி என்பது ஆசிரியத் தொழிலில் முதிர்ந்த என் எண்ணம்.

எங்கள் கன்னிவாடிப் பக்கத்துத் திருவிழாக்களில் உறுமியும் தப்பும் முழங்கும் இடத்தில் மேலைத் தாளம் ஒலித்தால் முதியோர் முகம் சுளிப்பர். இளையோர் உறுமியை மறந்து ஆடுவர். இரண்டும் பொருந்தா. மாணவர்களே, எந்த நாட்டு இசையையும் அஞ்சாமல் கேளுங்கள். அது யாருடைய துயரில் பிறந்தது என்று அறிந்து கேளுங்கள். பின்னர் உங்கள் ஊரின் செய்தியை அதில் பாடுங்கள். கடன் வாங்கிய தாளத்திற்கு நாம் செலுத்தக்கூடிய வட்டி அதுவே.