யானைகளின் தாழொலி

யானைக் குரல் என்றதும் நினைவுக்கு வருவது பிளிறல்தான். ஆனால் அது அச்சமோ சினமோ மிஞ்சும்போது எழும் கூச்சல். கூட்டத்துக்குள் அன்றாடம் நடக்கும் பேச்சில் முக்கியப் பங்கு தாழ்ந்த உறுமலுக்கே. அதில் ஒரு பகுதி நம் காதுக்கு எட்டுவதுமில்லை.

தருமபுரி மாவட்டம் இண்டூருக்கு மேற்கே, பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் வரை விரியும் காவிரிக் கரைக் காடுகள் யானைகள் நடமாடும் நிலம். மாவட்டக் காடுகளில் ஒரு பகுதி 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள் வந்தது. புதர்களுக்கிடையே பிரிந்து மேயும் யானைகள், ஒன்றையொன்று பார்க்காமலே சேர்ந்து நகர்வது எப்படி?

இதற்கு முதலில் விடையை ஊகித்தவர் ஒரு தமிழர்: நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன். மனிதர் கேளாத ஒலியில் யானைகள் பேசக்கூடும் என்று 1972இலேயே எழுதினார். கருவி எதுவுமில்லை, காட்டில் பொறுமையாக உட்கார்ந்து பார்த்த கண்கள்தான்.

சான்று கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. திமிங்கிலப் பாட்டை ஆராய்ந்த கேட்டி பெய்ன், 1984இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் விலங்குக் காட்சிசாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது காற்றே அதிர்வதாக உணர்ந்தார். சிறுவயதில் தேவாலயத்து ஆர்கனின் அடித்தொனியை உடம்பால் உணர்ந்தது நினைவுக்கு வந்தது. பதிவு செய்து, வேகத்தைக் கூட்டி ஓட்டியபோது மறைந்திருந்த உரையாடல் வெளிப்பட்டது. 1986இல் அவர் குழு வெளியிட்ட கட்டுரைப்படி, அந்த ஒலிகளின் அதிர்வெண் 14 முதல் 24 ஹெர்ட்ஸ். மனிதச் செவியின் கீழ் எல்லையோ ஏறக்குறைய 20. ஒலி எழும்போது யானையின் நெற்றித்தோல் படபடக்கும்.

தாழொலியை இலைதழை எளிதில் விழுங்குவதில்லை, அதனால் அது கிலோமீட்டர் கணக்கில் போகும். பொழுது சாய்ந்து தரையொட்டிய காற்று குளிர்ந்தால் இன்னும் தொலைவுக்குப் போகும்.

முதுமலையில் காட்டு யானைகளின் குரல்களைப் பதிவு செய்த இந்திய ஆய்வு (2009) பிளிறல், கீச்சொலி, கர்ஜனை, உறுமல் என நான்காகப் பிரித்தது.

இவ்வளவு தாழ்ந்த குரலுக்குப் பெரிய குரல்வளை வேண்டும். யானைக்கு அது இயல்பாகவே உண்டு. ஆஸ்திரேலியாவின் சிறு விலங்கான கோலாவின் கதை வேறு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கோலா இழுக்கும் கரகரத்த முழக்கம், அதன் உடலளவுக்குப் பொருந்துவதைவிட இருபது மடங்கு தாழ்ந்தது. யானையளவு விலங்குக்கே தகும். காரணம் 2013இல் தெரிந்தது: குரல்வளைக்கு வெளியே, மூக்கும் தொண்டையும் கூடுமிடத்தில், அதற்கு இன்னொரு சோடிக் குரல்மடிப்புகள் இருக்கின்றன.