இரவல் மந்திரம்: மணிமேகலையும் இளையோர் மாயப் புனைவும்

இளையோருக்கான மாயப் புனைவுகளில் வரும் சூனியக்காரச் சிறுமி பெரும்பாலும் பிறவியிலேயே சக்தி பெற்றவள். 1997இல் ஜே. கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் வரிசை தொடங்கியபின் இந்த வார்ப்பு உலகெங்கும் பரவியது. இரத்தத்தில் ஒரு திறன் ஓடும். அதைக் கண்டுகொள்ள ஒரு பள்ளி இருக்கும். பயிற்சி முடியும் தறுவாயில் ஒரு போர் மூளும். அந்த வரிசையின் முதல் நாவல் 'ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்' என்ற பெயரில் தமிழிலும் வந்துவிட்டது.

வத்தலக்குண்டுக்கு அருகே சேவுகம்பட்டியில் அதைக் கையில் எடுக்கும் ஒரு மாணவிக்கு மாயம் என்பது புதிய சங்கதி அல்ல. தை மாதத்தில் அவ்வூர்ச் சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில், வேண்டியது கிடைத்தவர்கள் நேர்த்திக்கடனாகக் கூடை கூடையாய் வாழைப்பழம் சூறைவிடுகிறார்கள். திண்டுக்கல், மதுரைச் சீமைக் கோடாங்கி உடுக்கை அடித்துக் குறி சொல்லும்போது பேசுவது அவர் மேல் இறங்கிய சாமி. சாமி மலையேறிவிட்டால் அவரும் நம்மைப்போல் டீக்கடை பெஞ்சில் உட்காருகிறவர்தான். இந்த இரண்டிலும் சக்தி எவருக்கும் சொந்தச் சொத்து ஆவதில்லை. அது வருகிறது, போகிறது; வாங்கியவர் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது. தமிழில் இளையோர் மாய நாவல் எழுத முனைவோருக்கு இந்த இரவல் முறையே உறுதியான அடித்தளம் என்பதும், இதற்கு முழுமையான இலக்கிய முன்மாதிரி மணிமேகலைக் காப்பியம் என்பதும் என் வாதம்.

1898இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தபின் மணிமேகலை பௌத்த சமய நூலாகவே பெரிதும் ஆராயப்பட்டு வந்தது. அந்த வாசிப்பில் பிழையில்லை. ஆனால் அதன் கதைத்தலைவி ஓர் இளம்பெண். காப்பியம் முழுக்க அவள் மந்திரத்தால் நகர்கிறாள் என்பது அதில் மறைந்துபோகிறது. மணிமேகலா தெய்வம் அவளுக்குத் தருபவை மூன்று மந்திரங்கள்: வேற்றுருக் கொள்ள ஒன்று, வானில் செல்ல ஒன்று, பசி போக்க ஒன்று. இவற்றோடு மணிபல்லவத்தில் தீவதிலகை வழியாக அமுதசுரபி கிடைக்கிறது. அதுவும் அவளுக்கெனச் செய்யப்பட்டதன்று. ஆபுத்திரன் கையில் இருந்து, கோமுகிப் பொய்கையில் விடப்பட்டு, வைகாசி முழுநிலவு நாளில் மேலெழும் பாத்திரம் அது. அதற்கு ஒரு விதியும் உண்டு. முதல் பிச்சையை ஆதிரை இட்ட பிறகே அது ஊருக்குச் சோறு வழங்குகிறது. அற்புதம் தொடங்குவதற்கே பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியின் கைச்சோறு தேவைப்படுகிறது.

மந்திரம் இரவல் என்றாலும் அதைப் பயன்படுத்தியதன் விளைவு இரவல் அல்ல. தன்னை விரும்பித் தொடரும் இளவரசன் உதயகுமரனிடமிருந்து தப்ப, யானைத்தீ என்னும் பெரும்பசி நீங்கிய காயசண்டிகையின் உருவத்தை மணிமேகலை ஏற்கிறாள். அந்த உருவத்தோடு சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றவும் செய்கிறாள். ஆனால் பன்னிரண்டு ஆண்டு கழித்து மனைவியைத் தேடிவரும் விஞ்சையன் காஞ்சனனுக்கு அந்த உருவம் மனைவியாகவே தெரிகிறது. அவன் வாள் உதயகுமரனை வெட்டுகிறது. மந்திரம் துளியும் பிசகவில்லை. அது சரியாக வேலை செய்ததாலேயே ஒருவன் இறந்தான். மாயப் புனைவுகள் பலவற்றில் விபரீதம் நேர்வதற்குத் தவறாக உச்சரித்த மந்திரம் காரணமாகும். மணிமேகலையை இயற்றிய சாத்தனார் அந்த எளிய வழிக்குப் போகவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். முற்பிறப்பில் இலக்குமி என்ற பெயரில், உதயகுமரனாகப் பின்னர் பிறந்த இராகுலனின் மனைவியாக இருந்தவள்தானே மணிமேகலை. அந்த வினைத்தொடர்ச்சி பிறப்புரிமையின் மறுபெயர் ஆகாதா? ஆகாது என்பேன். முற்பிறப்பு அவளுக்கு விட்டுச்சென்றது ஆற்றலை அன்று, பற்றை. வெட்டுண்டு கிடக்கும் உதயகுமரனை நோக்கி அழுதபடி நெருங்கும் அவளைத் தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவைதான் தடுக்க வேண்டியிருக்கிறது. பிறவி அவளைப் பின்னுக்கு இழுக்கிறது. மந்திரங்கள் பிறவிக்கு வெளியேயிருந்து வருகின்றன.

சிறைவிடு காதையில் இந்த அமைப்பு இன்னும் கூர்மையாகிறது. மகனை இழந்த அரசி மணிமேகலைக்குப் பித்தேற்றும் மருந்தூட்டுகிறாள், அறிவு பிறழவில்லை. கீழ்மகன் ஒருவனைக் காசு கொடுத்து ஏவுகிறாள். மணிமேகலை ஆணுரு எடுத்து நிற்க, அவன் ஓடுகிறான். புழுக்கறையில் அடைத்துப் பட்டினி போடுகிறாள். பசி போக்கும் மந்திரம் காக்கிறது. இரண்டு மந்திரங்கள் இங்கே செலவாகின்றன. மூன்றாவதைக் கொண்டு வானேறித் தப்பியிருக்கலாம், அவள் செய்யவில்லை. அரசி மீது ஒரு மந்திரமும் ஏவப்படவில்லை என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். பகைவரை வீழ்த்தும் மந்திரம் எதுவும் அவளுக்குத் தரப்படவே இல்லை.

இருபதாம் நூற்றாண்டு வெகுமக்கள் கதையில் இந்தக் கணக்கு குலைந்தது. 1947 ஜூலையில் அம்புலிமாமாவைத் தொடங்கிய நாகி ரெட்டி, சக்கரபாணி இருவரும்தான் 1951இல் 'பாதாள பைரவி' படத்தையும் தயாரித்தார்கள். அதில் தேவியின் சிலை யார் கையில் இருக்கிறதோ அவருக்கே அது பணிகிறது. அதாவது மந்திரம் இரவல் என்ற எண்ணம் அங்கும் தங்கியிருக்கிறது. தீர்க்க வேண்டிய கடன் மட்டும் காணாமல் போயிற்று. எஸ். வி. ரங்காராவின் மந்திரவாதியை இன்றும் ரசிக்கலாம், நானும் ரசிக்கிறேன். ஆனால் சிலைக்கு மல்லுக்கட்டுவது அவரும் தோட்டக்காரர் மகனும். இளவரசி தூக்கிச் செல்லப்படுகிறவள். மந்திரத்தைக் கையாண்ட பெண், பந்தயப் பொருளாக இறங்கிவிட்டாள்.

உள்ளூர் நம்பிக்கையிலிருந்து இளையோர் நாவல் கட்டுவது இயலாத காரியமன்று. 2011இல் வெளிவந்த 'அகாட்டா விட்ச்' நாவலில் நைஜீரிய மண்ணின் முகமூடி மரபுகளையும் இன்சிபிடி எழுத்துகளையும் கொண்டு நெடி ஒகோராஃபோர் அதைச் செய்து காட்டினார். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டால் வானிலிருந்து நாணயம் விழும் உலகம் அது. தமிழில் அப்படி எழுத வருபவர் மணிமேகலையை எடுத்தால், முதலில் வெட்டித்தள்ளத் தோன்றுவது 27, 29ஆம் காதைகளாகத்தான் இருக்கும். சமயவாதங்களும் அளவையியலும் நிரம்பிய பகுதிகள் அவை. ஆனால் வஞ்சியில் அவள் தவசியான ஓர் ஆணின் உருவெடுப்பது அந்த வாதங்களைக் கேட்பதற்காகவே. காஞ்சியில் அந்த உருவைக் களைந்து பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் பாடம் கேட்க உட்காருகிறாள். பள்ளியில் தொடங்கி மந்திரத்தில் முடியும் வரிசையைச் சாத்தனார் தலைகீழாக அமைத்திருக்கிறார். அந்த இரு காதைகளையும் நீக்கினால், மூன்று மந்திரங்கள் எதற்காகத் தரப்பட்டன என்பதற்கு நாவலில் விடை இராது.