காவிரிக்கரை நாயனம் – 14: தோடிக்காக நீண்ட குழல்

நாயன (நாகசுர) வித்துவான் டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1898 ஆகஸ்ட் 27 அன்று திருமருகலில் பிறந்தார். காரைக்காலைத் தாண்டினால் வரும் சம்பந்தர் பாடல் பெற்ற தலம் அது. அன்று காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசம். திருமருகல் ஆங்கிலேயரின் தஞ்சாவூர் ஜில்லா. நாயன ஓசைக்கு அந்த எல்லை கிடையாது. தாய்மாமன் நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்து வித்துவான். அவர் பிள்ளையை எடுத்து வளர்த்ததால் திருவாவடுதுறையே ராஜரத்தினத்தின் ஊராயிற்று.

முதலில் கற்றது வாய்ப்பாட்டு. திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யர் குரு. நாயனம் அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம். இந்த வரிசை முக்கியமானது. பாடகனின் காதோடு குழலை எடுத்தவர் என்பதால், தொண்டையில் வரும் குழைவு குழலிலும் வர வேண்டும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். ராக ஆலாபனையை மணிக்கணக்கில் விரித்தார். தோடி அவருடைய ராகம் என்றே ஆகிவிட்டது. கிராமபோன் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சந்தான் இடம். அதற்குள் அடங்கிய தோடியே ஊர் ஊராக அவர் பெயரைக் கொண்டுபோனது.

அந்தத் தோடிக்கு அன்றைய குழல் போதவில்லை. நாயனமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளத்தில் அப்போது புழங்கியது திமிரி. குட்டையான குழல், நாலரை, ஐந்து கட்டை சுருதி. சுவாமி புறப்பாட்டில் மல்லாரி நாலு வீதிக்கும் கேட்க வேண்டும்; மைக் இல்லாத காலத்தில் அந்த உரப்பு தேவைப்பட்டது. ஆனால் தோடிக்கு உயிரான சுத்த மத்யமம் திமிரியின் துளையில் தானாக நிற்காது. உதட்டாலும் மூச்சாலும் இறக்கிப் பிடிக்க வேண்டும். பெரிய வித்துவான்கள் பிடித்தார்கள். மற்றவர்களுக்கு அது பிசிறியது.

நாயனத்தில் இப்படியொரு சிக்கல் இருந்தாலும், அதோடு ஒரு சுதந்திரமும் உண்டு. 1829இல் வியன்னாவில் சிரில் டெமியான் காப்புரிமை வாங்கிய அக்கார்டியனிலும், அதன் உறவான ஆர்மோனியத்திலும் சுரத்துக்குச் சுரம் உலோக நாக்கு உள்ளே பொருத்தியிருக்கும். அது இருக்கிற இடத்தில்தான் பேசும். கமகம் வராது என்ற குறையைச் சொல்லித்தான் 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. நாயனத்தின் நாக்கு சீவாளி. காவிரிக்கரை நாணலில் செய்து, எச்சிலில் நனைத்து, உதட்டுக்கு நடுவே வைப்பது. ஒரே துளையில் சுரத்தை ஏற்றலாம், இறக்கலாம். வாசிப்பதற்கு மேலே ஏழு துளைகள். கீழே ஐந்து துளைகள் மெழுகு வைத்து நாதத்தைச் சரிபார்ப்பதற்கு.

திருவாவடுதுறைக்குப் பக்கத்து ஊரான நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி திமிரியில் சுத்த மத்யமம் நிற்காத சிக்கலுக்கு வழி கண்டார். ஆச்சா மரத்தில் உலவு எனும் குழல் உடலைக் கடைவது அந்த ஊரின் பரம்பரைத் தொழில். பழைய வீட்டு உத்தரமாக ஆண்டுக்கணக்கில் ஈரம் வற்றிய மரத்துக்குத்தான் மதிப்பு. பச்சை மரம் கடைந்தபின் வெடிக்கும், சுருதியும் நகரும். குழலை நீட்டினால் சுருதி இறங்கும் என்பது எந்த ஆசாரிக்கும் தெரியும். நீட்டிய குழலில் துளைகளை எங்கே இடுவது, உள்வாய் எவ்வளவு விரிய வேண்டும் என்பதில்தான் வித்தை. ஆசாரி கடைந்தார், பிள்ளை வாசித்துப் பார்த்தார். இரண்டு, இரண்டரைக் கட்டையில் பேசும் பாரி நாயனம் அப்படி அமைந்தது. சுத்த மத்யமம் துளையிலேயே வந்து உட்கார்ந்தது. மேளத்தின் வரலாற்றில் ராஜரத்தினத்துக்குச் சமமாக ரங்கநாதன் ஆசாரியின் பெயரும் எழுதப்பட வேண்டும். பட்டங்கள் எல்லாம் வாசித்தவருக்குப் போயின. கடைந்தவரை ரசிகர் உலகம் மறந்தது பெரிய அநியாயம்.

பாரி வந்ததால் நாயனம் வீதியிலிருந்து மேடைக்கு ஏற முடிந்தது. சுருதிக்கு ஊதும் ஒத்துக்குப் பதில் தம்புராவை வைத்துக்கொண்டு, பாட்டுக் கச்சேரிக்காரர்களுக்குச் சமமாக மேடையில் அமர்ந்து வாசித்தார் ராஜரத்தினம். மேளக்காரர் மேல்துண்டை இடுப்பில் கட்டி நிற்க வேண்டும் என்றிருந்த வழக்கத்தை உடைத்து, குடுமியைக் கத்தரித்து, கோட்டு அணிந்து வந்தார். திமிர் என்றார்கள். தலைமுறை தலைமுறையாக நிற்க வைக்கப்பட்ட ஒரு கலை உட்கார இடம் கேட்டதைத் திமிர் என்பது தவறு. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் கூட இருந்த நாள்களில் அந்த மேடை பாட்டு மேடைகளுக்கு எதிலும் குறையவில்லை.

1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘காளமேகம்’ படத்தில் கவி காளமேகமாக நடித்தார், படம் ஓடவில்லை. 1947 ஆகஸ்டில் திருவாவடுதுறை ஆதீனத்தார் நேருவுக்குச் செங்கோல் கொண்டு தில்லி சென்றபோது உடன்போய் வாசித்தார்.

1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் காலமானார். அவரிடம் பயின்ற காருகுறிச்சி அருணாசலம் குருவின் பாணியைத் தெற்கே எடுத்துச் சென்று, 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தின் வழியே திரையரங்குகளிலும் ஒலிக்கவிட்டார். திமிரி மெல்ல மெல்ல ஒதுங்க, கச்சேரியிலும் கல்யாணத்திலும் பாரியே நாயனம் என்றாயிற்று. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.