ஒரு குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமைகள்

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணைப் பிரிவோர் தம் மக்களுக்கு விட்டுச் செல்வது யாது? தலைநகரின் அலுவலகக் கோப்புகளுக்கிடையே வாழ்நாளைக் கழிக்கும் என்போன்றோர்க்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. தமிழில் கேட்டால் இந்தியில் விடையளிக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் அனைவரையும் உறுத்தும் வினா இது. இவ்வினாவிற்கு விடை தேடுங்கால், அமெரிக்க மோட்டார்த் தொழிலாளி வால்ட்டர் ரூதரின் குடிவழி நம் கவனத்துக்குரியதாகிறது.

ஜெர்மனியில் ரைன் ஆற்றையடுத்த எடிக்ஹைம் என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் ஜேக்கப். லூத்தரன் சமயப் பற்றாளர், போரை வெறுத்தவர். பேரரசின் கட்டாயப் படைப்பணிக்குத் தம் புதல்வரை ஒப்புவிக்க மனமின்றி, 1892ஆம் ஆண்டில் குடும்பத்துடன் கடல் கடந்தார். இல்லினாய் மாநிலத்து எஃபிங்ஹாம் பகுதியில் உழவு மேற்கொண்டார். ஜெர்மானியர் நாவில் 'ராய்ட்டர்' என ஒலிக்கும் குடும்பப் பெயர், அமெரிக்கர் நாவில் 'ரூதர்' ஆயிற்று.

மகன் வாலண்டைன் மேற்கு வர்ஜினியாவின் வீலிங் நகருக்குச் சென்று, முதலில் இரும்பாலையிலும் பின்னர் பீர் ஆலையில் வண்டியோட்டியாகவும் உழைத்தார், தொழிற்சங்கம் வளர்த்தார். ஸ்டட்கார்ட்டுக்கு அருகிலுள்ள ஷார்ன்ஹவுசனிலிருந்து வந்த அன்னாவை மணந்தார். அவர்களுடைய மக்களுள் வால்ட்டர் 1907 செப்டம்பர் 1ஆம் நாள் பிறந்தார். 1914இல் அம்மாநிலத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வரவே, தந்தையின் வேலை பறிபோயிற்று. வறுமை வீட்டினுள் புகுந்தது.

ஆயினும் அவ்வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வாலண்டைன் தம் புதல்வருக்கு ஒரு பொருளைக் கொடுத்து, யார் எப்பக்கம் பேசவேண்டும் என்றும் வகுத்துவிடுவார். சிறுவர்கள் வாரம் முழுவதும் நூலகத்தில் படித்து வருவர். ஞாயிறன்று தந்தையே நடுவராக அமர, வாதம் நிகழும். பள்ளிப் படிப்பு மிகுதியும் வாய்க்காத ஒரு வண்டியோட்டி நடத்திய கல்விச்சாலை அது!

முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் ஜெர்மன் பேசுவதே ஐயத்துக்கு இடமாயிற்று. பல மாநிலங்களில் பள்ளிகள் அம்மொழியைக் கற்பிப்பதை நிறுத்தின. அச்சூழலின் சூடு தணியாத 1919இல், போரை எதிர்த்துப் பேசியதற்காக மவுண்ட்ஸ்வில் சிறையிலிருந்த யூஜின் டெப்ஸைக் காண, வால்ட்டரையும் இளையவர் விக்டரையும் அழைத்துச் சென்றார் வாலண்டைன். திரும்பும்போது தந்தையின் கண்களில் நீர் வழிந்ததை அச்சிறுவர்கள் கண்டனர். ஞாயிற்றுக்கிழமைகளின் பொருள் அன்றுதான் அவர்களுக்கு முழுமையாக விளங்கியிருக்கவேண்டும்.

வால்ட்டர் இளமையிலேயே பள்ளியை விட்டு, ஆலையில் கருவி செய்யும் தொழிலைப் பயின்றார். அங்கு நேர்ந்த விபத்தில் கால் பெருவிரலை இழந்தார். 1927இல் டெட்ராய்ட் சென்று ஃபோர்டு ஆலையில் தேர்ந்த தொழிலாளியானார்; வேலைக்கிடையே விட்ட படிப்பையும் தொடர்ந்தார். 1933இல் சகோதரர் இருவரும் மூதாதையர் நாட்டைக் காணச் சென்றபோது, ஹிட்லரின் ஆட்சி தொடங்கியிருந்தது. தாய்வழி உறவினரே அவ்வாட்சியைப் பற்றி இரு கூறாகப் பிரிந்து நின்றனர். பாட்டனார் அஞ்சி விலகிய படைவெறி, பேரர் கண்முன் பேருருக்கொண்டு நின்றது. பின்னர் இருவரும் சோவியத் நாட்டின் கார்க்கி மோட்டார் ஆலையில் பணியாற்றி, 1935இல் தாயகம் மீண்டனர்.

1937இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சங்கத்தை ஏற்க நேர்ந்த ஃபிளின்ட் உள்ளிருப்புப் போராட்டத்தில் ராய், விக்டர் ஆகிய தம்பியர் முன்னின்றனர். அவ்வாண்டு மே மாதத்தில் ஃபோர்டு ஆலையின் மேம்பாலத்தில் வால்ட்டர் தாக்கப்பட்டுக் குருதி சிந்தினார். 1946இல் மோட்டார்த் தொழிலாளர் சங்கத் தலைவரானார். 1948இல் சுடப்பட்டு வலக்கை ஊனமுற்றார்; மறு ஆண்டு விக்டரும் சுடப்பட்டு ஒரு கண்ணை இழந்தார். அந்த 1948ஆம் ஆண்டில்தான் ஜெனரல் மோட்டார்ஸுடன் செய்த ஒப்பந்தத்தில், விலைவாசிக் குறியீட்டெண்ணை ஒட்டி ஊதியம் உயரும் ஏற்பாடு இடம்பெற்றது. அகவிலைப்படி அறிவிப்பை எதிர்நோக்கும் நம்மவர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை. 1956இல் அவர் இந்தியா வந்து நேருவைச் சந்தித்தார். 1963இல் கறுப்பின மக்களின் உரிமைக்கான வாஷிங்டன் பேரணியில் உரையாற்றினார். 1970 மே 9ஆம் நாள் விமான விபத்தில் மனைவியுடன் மறைந்தார்.

ஜேக்கப் தம் மக்களுக்குப் பெருநிலம் எதையும் விட்டுச் செல்லவில்லை. பெயரின் ஒலியைக்கூடப் புதிய நாடு மாற்றிவிட்டது. மாறாமல் மூன்று தலைமுறை கடந்து நின்றது, அநீதியைக் கண்டு தலைவணங்காத மனமும், மறுபக்கத்தையும் ஆய்ந்து பேசும் பழக்கமுமே.

நாம் நம் பிள்ளைகளிடம் தமிழ் பேசுமாறு வற்புறுத்துகிறோம், அது கடமையே. ஆனால் அத்தமிழில் அவர்களுடன் எதைப் பேசுகிறோம்? மதிப்பெண்ணும் மாற்றல் உத்தரவும் மனைவிலையும் மட்டுமே பேசினால், அம்மொழி அவர்களுக்கு எதற்கு? ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம், நம் சங்க நூலகத்தில் ஒரு பொருளைக் கொடுத்து, இரு பக்கமும் நின்று அவர்களைத் தமிழில் வாதிடச் செய்வோம். நாற்காலிகள் இருக்கின்றன, நூல்களும் இருக்கின்றன. நடுவராக அமரப் பெற்றோர் முன்வருதல் ஒன்றே வேண்டுவது.