பாலும் பாயும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் எவரும் பாண்டிமாதேவியின் கட்டிலை மறந்திருக்க மாட்டார். போரில் வீழ்ந்த நாற்பதாண்டு யானையின் தந்தத்தால் இழைத்த அக்கட்டிலின்மேல் பன்னிற மயிர் ஓர் அடுக்கு; அதன்மேல் அன்னத்தின் தூவி ஓர் அடுக்கு; அதற்கும் மேலே விரிப்பு. ஐவகைப் பொருள்களால் ஆகிய 'பஞ்சசயனம்' பற்றியும் நம் உரையாசிரியர்கள் பேசியுள்ளனர். ஆகவே, அடுக்கு மெத்தை தமிழர்க்குப் புதியதன்று. ஆயின், அஃது அரண்மனையோடு நின்றுவிட்டது. எளிய குடிகளுக்கு வாய்த்தது கோரைப்பாயே. 'நித்திரை சுகம் அறியாது' என்று சொல்லி அவர்கள் தம்மைத் தேற்றிக்கொண்டனர்.

இருபதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. நுரைத்த ரப்பர்ப்பாலால் ஆகிய மெத்தை, அரசியின் அணைக்கு நிகரான மென்மையை நகரத்து வீடுகளுக்கும் கொண்டுவந்தது. மலாயாத் தோட்டங்களில் அந்தப் பாலை இறக்கிய கைகள் யாருடையவை? அக்கைகளுக்கு உரியோர் எதன்மேல் படுத்து உறங்கினர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறைமுகத்தின் இரு வழிகள்

1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பார் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். மறு ஆண்டே கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றுட் சில கோலகங்சாரில் நடப்பெற்றன. 1888-இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்திற்கு ஊறு நேராமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1896-இல் டான் சே யான் மலாக்காவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். மோட்டார் வண்டிகள் பெருகவே டயர்த் தேவையும் பெருகிற்று; சிலாங்கூர்க் காடுகள் தோட்டங்களாயின.

நான் வாழும் போர்ட் கிள்ளான் 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரில் திறக்கப்பெற்றது. 1972-இல்தான் இன்றைய பெயரைப் பெற்றது. இத்துறைமுகத்திற்கு இரு வழிகள் இருந்தன எனலாம். ஒரு வழியே ஆள் வந்தது. மற்றொரு வழியே பால் போனது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிய நம் முன்னோர் பலர் இங்கே இறங்கி, தொற்றுத்தடை முகாமில் நாள்களைக் கழித்தபின் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். 'ரஜூலா' என்ற கப்பலின் பெயரைக் கேட்டாலே கண்கலங்கும் முதியோரை என் இளமையில் கண்டிருக்கிறேன். அவர்கள் இறக்கிய பால், உறையவைத்து உலர்த்திய ரப்பர்த் தாள்களாகவும், பின்னாளில் அம்மோனியா சேர்த்துக் கெடாமல் காத்த நீர்மப் பாலாகவும் கப்பலேறியது.

லயத்து உறக்கம்

ரப்பர் மரத்தில் பால் நன்கு வடிவது விடியற்காலையில். ஆதலின், இருள் பிரியுமுன் தொழிலாளர் பெரட்டுக்கு நின்றாக வேண்டும். நிரையில் மரம் மரமாய்ச் சீவினர். மங்குகளில் வடிந்த பாலை வாளிகளில் சேர்த்தனர். காண்டாக் கம்பில் தோளேற்றிக் கொட்டகைக்குச் சுமந்து சென்று நிறுத்தனர். அப்பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். அந்நீரின் சுமையையும் அவர்தம் தோள்களே தாங்கின. இரவில், லயத்துப் பலகைமேல் விரித்த பாயே படுக்கை. தலையணை உண்டெனின் அதனுள் இலவம்பஞ்சு.

அவர்கள் வாய்மூடியே வாழ்ந்தனர் என்று மாணாக்கர் எண்ணிவிடலாகாது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தது. கூலி உயர்வு மட்டுமா கேட்டனர்? கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றனர். துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் கட்டாயத்தை நீக்கவேண்டும் என்றனர். தலைவர் ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைதானார்; படை வந்தது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். அவர்கள் கேட்டது மெத்தையன்று, மானம்.

பால் நுரையான கதை

இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1929-இல், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் டன்லப் நிறுவனத்தின் ஆய்வாளர் மர்பி, ரப்பர்ப்பாலை முட்டை அடிப்பதுபோல் அடித்து நுரையாக்கி உறையச் செய்தார். சமையலறைக் கருவி ஒன்றே அவருக்கு உதவியது என்பர். டன்லப் நிறுவனத்திற்கு மலாயாவிலும் தோட்டங்கள் இருந்தன என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

முறை எளியதே. நூற்றுக்கு 60 பங்கு ரப்பர் இருக்குமாறு செறிவாக்கிய பாலில் கந்தகமும் சவர்க்காரமும் சேர்த்து நுரைக்க அடிப்பர். உறையூட்டும் பொருளைக் கலந்து அச்சில் வார்த்து நீராவியில் வேகவைப்பர். அச்சிலுள்ள ஊசிகள் வெப்பத்தை உள்ளே செலுத்தும். அவை இருந்த இடங்களே பின்னர்த் துளைகளாகி நிற்கும். டாலலே என்பாரின் பெயரால் வழங்கும் பிறிதொரு முறையில், அச்சினுள் காற்றை வெளியேற்றி நுரையை விரியச் செய்து, குளிரில் உறையவைத்து, கரியமில வாயுவைச் செலுத்துவர். அதனால் கிட்டுவது சீரான, மென்மை மிகுந்த நுரை.

மல்லாந்து படுப்பவரின் எடை உடல் முழுதும் பரவி நிற்கும். ஒருக்களித்துப் படுப்பவரின் எடையோ தோளிலும் இடுப்பிலும் குவியும். மெத்தை கடினமாயின் தோள் நோகும். மிக மென்மையாயின் இடுப்பு அமிழ்ந்து முதுகெலும்பு வளையும். இவ்விரண்டையும் தவிர்க்கவே அடுக்கு முறை பயன்படுகிறது. அடியில் உறுதியானது, நடுவில் இடைத்தரமானது, மேலே மென்மையானது என மூன்று அடுக்கு. மேலடுக்கு தோளுக்கு இடங்கொடுக்கும்; அடியடுக்கு இடுப்பைத் தாங்கும்; கழுத்துமுதல் முதுகுவரை எலும்பு நேராய் நிற்கும்.

இதை நான் நூலில் மட்டும் படித்தறிந்தேன் அல்லேன். என் அன்னையார் நெடுங்காலம் பால்மரம் சீவியவர். காண்டாக் கம்பு இரு தோள்களிலும் விட்டுச்சென்ற வலி இன்றும் நீங்கவில்லை. முதுகு கூனியதால் மல்லாந்து படுக்கவும் இயலவில்லை. கிள்ளான் கடையொன்றில் மூன்று அங்குலத் தடிப்புள்ள ரப்பர் நுரைப் பலகைகள் மூன்றை வாங்கினேன். முதலில் உறுதியான பலகைக்கு மேலே மென்மையானதையும் அதன்மேல் இடைத்தரமானதையும் வைத்தேன். மறுநாட் காலை அவர் தோளைத் தடவிக்கொண்டே எழுந்தார். மேலிரண்டையும் மாற்றி அடுக்கி, பருத்தி உறையிட்டு, காற்றுப் புக இடைவெளி விட்ட சட்டங்களின்மேல் கிடத்தினேன். பஞ்சு மெத்தையைப்போல் இதனையும் வெயிலில் காயவைக்க முனைந்தார். வெயில் பட்டால் ரப்பர் பொடிந்துபோகும் என்று சொல்லித் தடுத்தேன்.

மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "ஏம்ப்பா, இது நம்ம வெட்டுன பாலா?"

ஆம் என்று சொல்ல என்னால் இயலவில்லை. 1980-களின் இறுதிவரை இயற்கை ரப்பர் விளைச்சலில் உலகில் முதலிடம் வகித்த நம் நாட்டைப் பின்னர்த் தாய்லாந்து முந்திவிட்டது. அவர் சீவிய மரங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் தந்து மறைந்தன. நம் ஆலைகளுக்கே இன்று வெளிநாட்டுப் பால் வருகிறது. பால் போன துறைமுகத்திற்குப் பால் வந்து சேர்கிறது. "நீங்கள் வெட்டிய பாலில் எத்தனையோ பேர் தூங்கியிருப்பார்கள், அம்மா" என்று மட்டும் சொன்னேன்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ரப்பரின் வரலாற்றில் விக்கமையும் ரிட்லியையும் மர்பியையும் கற்பிப்போம். அவர்கள் பெயர்கள் நூல்களில் உள்ளன. மங்கில் பால் சேர்த்தவர்களின் பெயர்களோ நம் மாணாக்கரின் வீடுகளில் மட்டுமே உள்ளன. "உங்கள் பாட்டியார் எந்தத் தோட்டத்தில் மரம் சீவினார்? எதன்மேல் படுத்து உறங்கினார்?" என்று கேட்டு எழுதிவருமாறு அவர்களைப் பணிப்போம். விடை சொல்வோர் நம்மிடையே இருக்கும்போதே அதனைச் செய்வோமாக.